துறைமுகத்தில் விட்டுச் சென்ற விளக்கு

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாக எனக்குள் ஒரு இழுபறி. எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பதினோராம் வகுப்பு ஓ.எல் சோதனை எடுக்கவேண்டிய வருடத்தில் எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டது. அதோடு என் படிப்பும் நின்றது. இப்போது சிட்னியில், டூங்கபியில் வீடு. ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை. சாமி கும்பிடுவது, சமைப்பது, வேலைக்குப் போவது, இவ்வளவுதான் என் வாழ்க்கை.

பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நான் சொல்லப்போகும் கதை ஏற்கெனவே ஊரில் வேறு விதமாக உலாவுகிறது. அதை நம்புகிறவர்கள் நல்லவர்கள், கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து தேவாரம் படிக்கிறவர்கள். அப்படி நடக்கவில்லை என்று சொன்னால் சாமிக்கு எதிராகப் பேசியதுபோல் ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அண்மையில் வந்த ஒரு தொலைபேசி அழைப்புக்குப் பிறகு மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் விளக்கைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எனக்கு ஒரேயொரு தம்பி. பல வருடங்களுக்கு முன் இலங்கையில் எங்கள் ஊரில் சண்டை மூண்டபோது அம்மாவும் நானும் அவனும் சனத்தோடு சனமாக ஊரைவிட்டு வெளியே நடந்துவந்தோம். ஒரு வெட்டைவெளியில் ஆமிக்காரர் எல்லோரையும் இருத்தி, இளம் பெடியன்களை வேறு வரிசைக்கு வரச் சொன்னார்கள். தம்பி தான் தூக்கிவந்த பையை என்னிடம் தந்தான். “தண்ணிப் போத்தல் உள்ளுக்குக் கிடக்கு அக்கா. அம்மாவுக்குக் குடுங்கோ” என்றான். எழும்பிப் போனான். அதற்குப் பிறகு அவனை நாங்கள் காணவில்லை. கண்டவர்களும் இல்லை.

முகாமில் முதல் மாலை, அம்மா யாரிடமோ கொஞ்சம் எண்ணெய் இரந்து வாங்கினா. மீன் ரின்னின் தகர மூடி ஒன்றில் ஊற்றி, தன் சேலைக் கரையைக் கிழித்துத் திரி திரித்துக் கொளுத்தினா. “அவன் வருமட்டும் இது பொழுதுபட முதல் எரியவேணும். எங்கட கையாலதான் எரியவேணும். ஒருநாள் விட்டாலும் அவன்ர உயிருக்குப் பழுது” என்றா. எந்த ஐயரும் சொன்ன விதி இல்லை. அம்மா தானே போட்ட விதி. ஆனால் அதற்குப் பிறகு அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

பிறகு ஒரு சின்னப் பித்தளை விளக்கு வாங்கினோம். நான் கலியாணமாகி அவுஸ்திரேலியாவுக்கு வந்தபோது அம்மா அங்கே கொளுத்தினா. அம்மா இங்கே வந்தபோது நான் இங்கே கொளுத்தினேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆகாயத்தில் இருந்ததே இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுவதற்கு முன்னும் “விட்டுடாதை பிள்ளை” என்றுதான் சொன்னா. தம்பியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை.

அன்றிலிருந்து அது என் கைக்கு வந்தது. வேலையிடத்தில் காலை வேலை மட்டும்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மெல்பேணில் நோபல் பார்க்கில் ஒரு சொந்தக்காரர் கலியாணம். விளக்கைக் கைப்பையில் கொண்டுபோய், அவர்கள் கராஜில் உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கு மேல் வைத்துக் கொளுத்திவிட்டுத்தான் பட்டுச்சேலை உடுத்தேன். என் கணவர் இதற்கெல்லாம் ஒன்றும் சொல்லமாட்டார். திரிக்குப் பஞ்சு முடிந்தால் அவரே வாங்கி வருவார்.

அவருக்கு ஒரு தமையன், கனடாவில். இருவரும் இளவயதில் பிரிந்தவர்கள். ஒருவருக்கு விசா கிடைத்தால் மற்றவருக்குக் கிடைக்காது. விசா கிடைத்தபோது லீவு இல்லை. லீவு கிடைத்தபோது பிள்ளைக்குச் சோதனை. இப்படியே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. தமையனுக்கு இருதய ஒப்பரேசன் நடந்தது. தேறி எழும்பியதும் போன் எடுத்தார்.

“டேய், நான் இஞ்சால ஒரு கப்பல் பாத்து வைச்சிருக்கிறன். கரீபியன் கடல். ஒரு கிழமை. நீங்கள் வாறியள்.”

“ஏன் அண்ணை கப்பல்? நான் உங்கட வீட்டுக்கே வாறன்.”

“வீட்டுக்கு வந்தால் உன்ர மனிசி என்ர மனிசியின்ர குசினிக்குள்ள சமைக்கிறன் எண்டு நிப்பா. இருக்கிற சண்டை காணாதே? கப்பலில ஒருத்தற்ர குசினியும் இல்லை. நீயும் நானும் கதிரையைப் போட்டு இருந்து கதைப்பம். அடுத்த வருசம் எண்டு சொல்லிப்போடாதை, தம்பி. எனக்கு அடுத்த வருசத்தில நம்பிக்கை விட்டுப்போச்சு.”

என் கணவர் போனை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் நின்றார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. “நீர் என்ன சொல்லுறீர்?” என்று மட்டும் கேட்டார். நான் என்ன சொல்வது? கப்பலில் அறை இருக்கும், அறையில் மேசை இருக்கும், மேசையில் விளக்கை வைக்கலாம் என்றுதான் நினைத்தேன். “ஓம், போவம்” என்றேன். மகளும் லீவு எடுத்து எங்களோடு வருவதாகச் சொன்னாள்.

காசு கட்டி முடித்த பிறகுதான் அந்தப் புயல் வந்தது. அமெரிக்காவின் தென்கரையில், எங்கள் கப்பல் புறப்படவேண்டிய துறைமுகத்திலேயே வந்து ஏறியது. ரீவியில் வீடுகளின் கூரை பறந்ததைக் காட்டினார்கள். எங்கள் பயணம் நின்றுவிடும் என்றே எண்ணினேன். கொஞ்ச நாளில் கப்பல் கொம்பனியிலிருந்து தகவல் வந்தது. துறைமுகம் திறந்துவிட்டது, கப்பல் குறித்த நாளில் புறப்படும், ஊருக்கும் ஆட்கள் வருவதுதான் உதவி என்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. செத்தவீட்டு வாசலால் நடந்து கலியாணவீட்டுக்குப் போகிற மாதிரி இருந்தது. ஆனால் தமையனை நினைத்துப் பெட்டி அடுக்கினேன். விளக்கு, திரிக்கட்டு, நல்லெண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் துவாய்க்குள் சுற்றி வைத்தேன்.

சிட்னியில் காலையில் விமானம் ஏறி, அதே நாள் காலையில் அமெரிக்காவில் இறங்கினோம். இடையில் ஜன்னலுக்கு வெளியே பொழுதுபட்டு இருட்டி விடிந்தது. நான் தவித்துக்கொண்டிருந்ததைக் கண்டு மகள், “அம்மா, டோண்ட் வொறி. திகதிக் கோட்டைத் தாண்டுறம், நாங்கள் இப்ப ஒரு நாளுக்குள்ளையும் இல்லை” என்றாள். அந்தப் பொழுதை முருகனிடம் ஒப்படைத்தேன். இன்னொரு விமானம் எடுத்து அந்தத் துறைமுக ஊரில் இறங்கியபோது பின்னேரம். கப்பல் மறுநாள். இரவு தங்குவதற்கு மகள் ஒரு மோட்டல் எடுத்திருந்தாள். தமையன் குடும்பம் காலையில் நேரே துறைமுகத்துக்கு வருவதாக ஏற்பாடு.

அந்த ஊரின் பெயரை எழுதவில்லை. அவர்கள் பட்டதை என் கதைக்கு விளம்பரமாக்க விருப்பமில்லை. தெரு நெடுக வீட்டுச் சாமான்கள் குவிந்து கிடந்தன. மெத்தை, குளிர்சாதனப் பெட்டி, பிள்ளையின் தொட்டில். கூரைகளின்மேல் மழை புகாமல் விரித்த நீலத் தறப்பாள். நனைந்து உளுத்த மெத்தையின் மணம் காருக்குள்ளும் வந்தது. அந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். தறப்பாளின் கீழ் மத்தியானம் எப்படி வேகும் என்பதும் எனக்குத் தெரியும். அதற்குக் கீழே இருந்தவள் இன்றைக்குச் சில்லு வைத்த பயணப்பெட்டி இழுத்துக்கொண்டு உல்லாசக் கப்பலுக்கு வந்திருக்கிறேனே என்று கூச்சமாக இருந்தது.

மோட்டலில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிற்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கமுடியாது என்று போத்தல் தந்தார்கள். அதை நடத்தியவர் ஒரு கறுப்பினப் பெண்மணி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். தன் வீட்டுக் கூரை போய்விட்டதால் மோட்டலிலேயே, ஆட்களைப் பதியும் கந்தோருக்குப் பக்கத்து அறையில் இருந்தார். அவரை நான் மனதுக்குள் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு விளங்காததை மகள் சொன்னாள். நான் அதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

பொழுதுபட முதல் ஜன்னல் படியில் விளக்கை வைத்துக் கொளுத்தினேன். கரண்ட் இல்லாத ஊரில் அந்தச் சின்ன வெளிச்சமே முற்றம்வரை தெரிந்திருக்கவேண்டும். சிறிது நேரத்தில் கதவை அடித்து அக்கா வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

“என்ன பிள்ளை இது? இங்க ஒரு நெருப்புப் பிடிச்சால் அணைக்கத் தண்ணி இல்லை. காத்து கொண்டுபோனது போக மிச்சத்தை நீ எரிக்கப் போறியோ?”

நான் வேலையிடத்தில் பழகிய ஆங்கிலத்தில், “மை பிறதர். மிஸ்ஸிங். எவ்ரி ஈவினிங்” என்றேன். மிச்சத்தை மகள் சொன்னாள். அக்கா விளக்கைப் பார்த்தார். பிறகு கேட்காமலே கட்டில் நுனியில் இருந்துவிட்டார். “எத்தனை காலம்?” என்றார். மகள் சொன்னாள். அக்கா எழும்பினார். போத்தல் தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தார். “எரியட்டும். நான் இருக்கிறன்” என்று, விளக்கு அணையும்வரை கூடவே இருந்தார்.

காலையில்தான் பிரச்சினை வந்தது. மகள் போனில் கப்பல் விதிகளை வாசித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“அம்மா... கேண்டில், இன்சென்ஸ், நெருப்பு வைக்கிற ஒண்டுமே கப்பலுக்குள்ள ஏத்தக்கூடாதாம். பெட்டியில கண்டால் எடுத்துப்போடுவினமாம். அறையில கொளுத்தினால் அடுத்த துறைமுகத்தில இறக்கிவிடுவினமாம்.”

“விளக்குக்குமோ?”

“விளக்குக்கும்தான் அம்மா. அது கப்பல். பட்டரியில எரியிற கேண்டில் இருக்கு, அதை வாங்குவம்.”

“பட்டரி வைச்சே உன்ர மாமனைக் கூப்பிடுறது?”

என் கணவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். “இஞ்சாருங்கோ, நீங்களும் பிள்ளையும் போங்கோ. அண்ணையோட கதையுங்கோ. நான் இந்த மோட்டலில நிக்கிறன். ஒரு கிழமைதானே.”

“இந்த ஊரிலயோ? கரண்ட் இல்லை, தண்ணி இல்லை. உம்மை இஞ்ச தனிய விட்டுட்டு நான் அங்க போய் ஐஸ்கிறீம் சாப்பிடுறதோ?”

“இதைவிட மோசமான இடத்திலயும் இருந்தவள்தானே நான்.”

“அதுதான் சொல்லுறன்” என்றார். “இருந்தது காணும், போதும். நீர் நிண்டால் நானும் நிக்கிறன். அண்ணைக்குப் போன் எடுத்துச் சொல்லுவம்.”

என் விளக்கு ஒரு சகோதரனைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது அதே விளக்கு இன்னும் இரண்டு சகோதரர்களைச் சேரவிடாமல் மறித்து நிற்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் முருகா முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றேன்.

கதவு திறந்துதான் கிடந்தது. துவாய் எடுக்க வந்த அக்காவுக்கு மொழி விளங்காவிட்டாலும் முகம் விளங்கியிருக்கும். மகளிடம் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“என்னட்டத் தந்துட்டுப் போ. நான் ஒவ்வொரு பின்னேரமும் இங்கதான். எனக்குப் போக வேற இடமில்லை.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கட கையாலதான் எரியவேணும் என்பது அம்மாவின் வாக்கு. இவரோ வேற்று மதம், மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். மச்சம் மாமிசம் சாப்பிட்ட கையால் எப்படி என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு முகாமில் அம்மாவுக்கு எண்ணெய் தந்தது யார் என்று யோசித்தேன். யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கை என்ன சாப்பிட்ட கை என்று அம்மா கேட்கவுமில்லை.

“ஏதும் விதி இருக்கோ?” என்று அக்கா கேட்டார்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. “கையைக் கழுவுங்கோ. இருட்ட முதல் கொளுத்துங்கோ” என்று இரண்டை மட்டும் சொன்னேன். திரியை எப்படி எண்ணெயில் நனைத்து எடுப்பது என்று செய்து காட்டினேன். அவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கினார். நாங்கள் துறைமுகத்துக்குப் புறப்பட்டோம்.

கப்பல் ஏறும் வாசலில் தமையன் நின்றார். போட்டோவில் கண்டதைவிட மெலிந்து போயிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, பின்னால் வரிசை நிற்பதை மறந்து நின்றார்கள். பிறகு தமையன் என் கணவரின் வயிற்றில் தட்டி, “அவுஸ்திரேலியா முழுக்க இதுக்குள்ளதான் கிடக்குப் போல” என்றார். அழுத முகத்தோடு எல்லோரும் சிரித்தோம்.

கப்பலைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. எங்கு பார்த்தாலும் சாப்பாடு. நீச்சல் குளம், பாட்டு, ஆட்டம். தமையனின் மனைவி எனக்காகத் தேடித் தேடி மரக்கறி எடுத்து வருவா. சகோதரர்கள் இருவரும் மேல்தட்டில் கதிரை போட்டு, காலையிலிருந்து கதைத்தார்கள். செத்த தகப்பனைப் பற்றி, விற்ற காணியைப் பற்றி, பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரின் சைக்கிளைக் குளத்துக்குள் தள்ளியதைப் பற்றி. என் கணவர் அவ்வளவு கதைப்பார் என்று எனக்கே தெரியாது.

ஒவ்வொரு பின்னேரமும் நான் கப்பலின் பின்பக்கம் போய் நிற்பேன். எந்தத் திசையில் அந்த ஊர் என்று தெரியாது. கப்பல் கிழித்துவந்த வெள்ளை நுரை நீளமாகப் பின்னால் கிடக்கும். அது போய் முடிகிற இடம் என்று வைத்துக்கொண்டு கும்பிடுவேன். இப்போது அக்கா கை கழுவியிருப்பா, இப்போது திரியை எடுத்திருப்பா என்று மனதில் ஓட்டிப் பார்ப்பேன். மகள் மோட்டலுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தாள். போய்ச் சேர்ந்ததாகக் காட்டவில்லை. புயலில் அங்கே போன் கோபுரங்கள் விழுந்து, தொடர்பு வருவதும் போவதுமாகத்தான் இருந்தது.

“தங்கச்சி, ஒரு நாள் விட்டால்தான் என்ன? முருகன் என்ன வாத்தியார் மாதிரி வரவு போடுறவரே?” என்று தமையன் ஒருமுறை பகிடியாகக் கேட்டார்.

“அவர் போடார் அண்ணை. நான் போடுறன்” என்றேன். அவர் அதற்குப் பிறகு பகிடி பண்ணவில்லை. அடுத்த நாள் பொழுதுபடுகிற நேரம் அவரும் மெல்ல நடந்து பின்பக்கம் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் நின்றார்.

ஒரு மாலை எனக்கு நன்றாக ஞாபகம். ஒரு தீவிலிருந்து கப்பல் கிளம்பிய மாலை. அந்தத் தீவிலும் கூரைகளில் தறப்பாள் கண்டேன். கடல் எண்ணெய் விட்டதுபோல் அசையாமல் கிடந்தது. கும்பிட்டுக்கொண்டு நின்றபோது, விளக்கு எரிகிறது என்று கண்ணால் கண்டதுபோல் ஒரு தெளிவு வந்தது. தம்பி எங்கோ இருக்கிறான், அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று. அப்படி ஒரு நிம்மதி அம்மா போன பிறகு எனக்கு வந்ததில்லை. அறைக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கப்பல் திரும்பும் வழியில் நான் முன்பக்கம் போய் நின்று கும்பிட்டேன்.

துறைமுகத்தில் தமையனைப் பிரிந்த கதை வேண்டாம். “அடுத்த வருசம்” என்று அவரே இந்தமுறை சொன்னார். மறுநாள்தான் எங்களுக்கு விமானம் என்பதால் நாங்கள் மோட்டலுக்குத் திரும்பினோம். ஊரில் கரண்ட் வந்திருந்தது. தெருக் குவியல்கள் பாதி அள்ளப்பட்டிருந்தன. அக்கா வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் ஓடி வரவில்லை. உள்ளே போய் விளக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார். பிறகு நின்றபடியே சொன்னார்.

“ஒரு நாள் தவறிப்போச்சு.”

மகள் அதை எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர் முகத்திலேயே விளங்கிவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

அக்கா நடந்ததைச் சொன்னார். கூரைக்குத் தறப்பாள் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மத்தியானம் போய் வரிசையில் நின்றாராம். வரிசை நகரவில்லை. விட்டுவிட்டு வந்தால் தறப்பாள் இல்லை, மழை வந்தால் வீட்டில் மிச்சமும் போய்விடும். வாங்கிக்கொண்டு வரும்போது ரோட்டில் தண்ணீர். வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது.

“இருட்ட முதல் எண்டு நீ சொன்னாய். அதால பிந்திக் கொளுத்தவும் துணிவு வரேல்லை. உன்னட்டச் சொல்லாமல் விடலாம் எண்டும் யோசிச்சன். நீ எப்பிடி அறியப்போறாய்? ஆனால் அது உன்ர தம்பி. அவன்ர விசயத்தில நான் பொய் சொல்ல ஏலாது.”

எந்த நாள் என்று கேட்டேன். அவர் சொன்னார். மகள் போனில் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தத் தீவிலிருந்து கப்பல் கிளம்பிய நாள். கடல் அசையாமல் கிடந்த மாலை. தம்பி இருக்கிறான் என்று என் நெஞ்சு நிறைந்த அதே மாலையில் விளக்கு எரியவில்லை.

நான் அழுதேன். அக்கா தன்னைத்தான் நோகிறேன் என்று நினைத்து, “மன்னிச்சுக்கொள் பிள்ளை, மன்னிச்சுக்கொள்” என்று என் முதுகைத் தடவினார். நான் அவர் கையைப் பிடித்தேன். சொரசொரவென்று காய்த்த கை. “மற்ற நாளெல்லாம் கை கழுவத் தண்ணிக்கு என்ன செய்தனீங்கள்?” என்று ஏனோ அதைக் கேட்டேன்.

“குடிக்கத் தந்த போத்தலில்தான்” என்றார். “வேற நல்ல தண்ணி எங்க இருந்தது?”

அன்று மாலை இருவருமாகச் சேர்ந்து விளக்கைக் கொளுத்தினோம். அவர் நெருப்புக்குச்சியைத் தட்டினார், நான் திரியைத் தூண்டினேன். கரண்ட் இருந்தும் அறை லைட்டைப் போடவில்லை. அவர் தன் முறைப்படி நெஞ்சில் சிலுவை வரைந்தார். நான் என் முறைப்படி கும்பிட்டேன். மிச்ச எண்ணெயையும் திரிக்கட்டையும் அவரிடமே விட்டுவந்தேன். கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாதே. விளக்கு மட்டும் என்னோடு டூங்கபிக்கு வந்தது.

வந்த பிறகும் நான் தினமும் கொளுத்துகிறேன். ஆனால் ஒன்று மாறிவிட்டது. எனக்குப் பின்னேர வேலை வந்தால் என் கணவர் கொளுத்துவார். மகளும் கொளுத்துவாள். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது ஒரு நாள் எல்லோரும் மறந்தே போனோம். காலையில் எழுந்து நானே முருகனிடம் சொன்னேன், “நேற்றுக் கொளுத்தேல்லை” என்று. அக்கா என்னிடம் சொன்னாவே, அதே மாதிரி. சொல்லிவிட்டு அன்றைக்குக் கொளுத்தினேன். என் தம்பி இருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. என் திரியில்தான் அவன் உயிர் தொங்குகிறது என்ற பாரம் மட்டும் இறங்கிவிட்டது. அவன் உயிரை வைத்திருக்கிறவர் ஆண்டவர். நான் ஒவ்வொரு மாலையும் அவரிடம் தம்பியைப் பற்றிக் கேட்கிறவள், அவ்வளவுதான்.

கோயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டும்போது இதைச் சிலரிடம் சொன்னேன். அழுதழுது கேட்டார்கள். கொஞ்சக் காலத்தில் என் போனுக்கே ஒரு செய்தி வந்தது. மேலே பெரிய குத்துவிளக்குப் படம். புயலில் அழிந்த ஊரில், ஒரு தமிழ்ச் சகோதரி விட்டுச்சென்ற விளக்கு, ஆள் இல்லாத வீட்டில், எண்ணெய் குறையாமல் ஒரு கிழமை தானாகவே எரிந்ததாம். ஒரு நாளும் அணையவில்லையாம். வாசித்தவர்கள் உடனே பத்துப் பேருக்கு அனுப்பவேண்டுமாம். அக்கா அதில் இல்லை. தறப்பாள் வரிசை இல்லை. தவறிய மாலை இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அண்மையில் ஊரிலிருந்து ஒரு தாய் போன் எடுத்தா. யாரிடமோ என் நம்பரை வாங்கியிருக்கிறா. அவவின் மகனும் என் தம்பி போன மாதிரிப் போனவன். அவவும் விளக்குக் கொளுத்துகிறவ. டெங்கு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சில நாள் விட்டுப்போயிற்றாம். அந்தச் செய்தி அவவுக்கும் போயிருக்கிறது.

“உங்கட விளக்குத் தானா எரிஞ்சுதாம் பிள்ளை” என்றா. “என்ர அணைஞ்சு போச்சு. அப்ப என்ர பிள்ளை இல்லை எண்டுதானே அர்த்தம்? நான்தானே அவனைக் கொண்டுபோட்டன்?”

“இல்லை அம்மா, இல்லை. என்ரயும் எரியேல்லை” என்று கத்தினேன். அவ நம்ப நெடுநேரம் பிடித்தது. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். கடைசியில், “அப்ப அந்த மனிசி உண்மையைச் சொன்னவவோ?” என்று கேட்டா. “ஓம் அம்மா, சொன்னவ” என்றேன். மறுபக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. “பொழுதுபடப் போகுது, நான் போய்க் கொளுத்துறன்” என்று போனை வைத்தா.

அதனால்தான் எழுதினேன். இதை வாசிக்கிறவர்கள் விரும்பினால் மற்றவர்களுக்கும் கொடுங்கள். விளக்கைக் கொளுத்திவைத்துக் காத்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்கள் கைக்குக் கட்டாயம் போகட்டும். ஆனால் உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒன்றையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். கூரை இல்லாத ஒரு அக்கா குடிக்கிற தண்ணீரில் கை கழுவி என் விளக்கைக் கொளுத்தினா என்றும், ஒரு மாலை அவவால் முடியவில்லை என்றும், அதை அவவே என் முகத்தைப் பார்த்துச் சொன்னா என்றும் சொல்லுங்கள். அந்த ஒரு மாலையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.